இரு நகரங்களுக்கு இடையிலான தொலைவும் விமானப் பயண நேரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு ஊர்களின் பெயரைச் சொல்லி, இடையில் எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம் என்று கேட்பவர் இரண்டு எண்களை எதிர்பார்க்கிறார். தூரத்துக்கு ஓரளவு உறுதியான ஓர் எண்ணைச் சொல்லிவிடலாம். நேரம் அப்படியல்ல, எந்தத் திசையில், எந்த மாதத்தில், எந்தக் கணத்திலிருந்து எந்தக் கணம் வரை என்பதைப் பொறுத்து அது மாறும். பயணத்தைத் திட்டமிடும்போது எழும் ஐயங்களுக்கு இங்கே விடை தரப்படுகிறது.

ஒரே இரு நகரங்களுக்கு வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு தூரம் காட்டப்படுவது ஏன்?

பெரும்பாலும் எந்தப் புள்ளியிலிருந்து எந்தப் புள்ளி வரை அளந்தார்கள் என்பதுதான் காரணம். ஒரு கணக்கு நகர மையத்திலிருந்து தொடங்கும். இன்னொன்று விமான நிலையத்திலிருந்து தொடங்கும். டோக்கியோவின் நரிதா விமான நிலையம் நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கிறது, அதே நகரத்தின் ஹனேடா நிலையமோ மையத்துக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே, டோக்கியோவுக்கு எவ்வளவு தூரம் என்று கேட்டால், எந்த டோக்கியோவுக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

பூமியின் வடிவம் இன்னொரு காரணம். நடுக்கோட்டில் அதன் ஆரம் ஏறத்தாழ 6,378 கி.மீ.; துருவத்தில் 6,357 கி.மீ. மட்டுமே. எளிய கணக்குகள் பூமியைச் சராசரியாக 6,371 கி.மீ. ஆரம் கொண்ட உருண்டையாக எடுத்துக்கொள்ளும். துல்லியமான கணக்குகள் அந்தத் தட்டை வடிவத்தையும் சேர்த்துக்கொள்ளும். இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு அரை விழுக்காட்டைப் பொதுவாகத் தாண்டாது. பயணிக்கு அது பொருட்படுத்தத் தக்கதல்ல.

அலகையும் பார்த்துக்கொள்ள வேண்டும். நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்கும் லண்டனின் ஹீத்ரு நிலையத்துக்கும் இடையிலுள்ள தூரம் கிலோமீட்டரில் ஏறத்தாழ 5,540, தரை மைலில் 3,440, கடல் மைலில் 2,990. விமானிகள் பயன்படுத்துவது 1.852 கி.மீ. கொண்ட கடல் மைலைத்தான். அவர்கள் ‘நாட்’ என்று சொல்லும் வேகம் மணிக்கு ஒரு கடல் மைல். வெறுமனே ‘மைல்’ என்று எழுதியிருந்தால், அது எந்த மைல் என்று தெரிந்துகொள்ளாமல் அந்த எண்ணை எடுத்தாளக் கூடாது.

வரைபடத்தில் விமானப் பாதை ஏன் வில் போல வளைந்து தெரிகிறது? நேராகப் போனால் தூரம் குறையாதா?

விமானம் வளைந்து போவதில்லை; வரைபடம்தான் வளைத்துக் காட்டுகிறது. உருண்டையின் மேற்பரப்பைத் தட்டையான தாளில் விரிக்கும்போது எதையாவது சிதைத்தே ஆக வேண்டும். 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட வரைபட முறை, மாறாத திசையில் செல்லும் பாதையை நேர்கோடாகக் காட்டுகிறது. திசைகாட்டியை நம்பிக் கப்பல் ஓட்டியவர்களுக்கு அது பெரும் வசதியாக இருந்தது. ஆனால் மாறாத திசையில் செல்லும் பாதை குறுகிய பாதை அல்ல. பூமியின் மையத்தை நடுவாகக் கொண்டு மேற்பரப்பில் வரையப்படும் பெருவட்டத்தின் வில்லே இரு புள்ளிகளுக்கு இடையில் மிகக் குறுகிய வழியாகும்.

மாட்ரிட்டும் நியூயார்க்கும் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இரண்டும் ஏறக்குறைய ஒரே அட்சரேகையில், வடக்கே 40 பாகையை ஒட்டி இருக்கின்றன. ஆகவே நேர் மேற்கே போனால் சேர்ந்துவிடலாம் என்றே தோன்றும். அப்படிப் போனால் தூரம் ஏறத்தாழ 5,940 கி.மீ. பெருவட்ட வழியிலோ 5,770 கி.மீ.தான், அந்த வழி நடுக்கடலில் 46 பாகை வரை வடக்கே ஏறி இறங்குகிறது. ஏறக்குறைய 170 கி.மீ. மிச்சம். உலக உருண்டை ஒன்று கையில் கிடைத்தால், இவ்விரு நகரங்களின் மேல் ஒரு நூலை வைத்து இருபுறமும் இழுத்துப் பாருங்கள். 40ஆம் பாகைக் கோட்டின் மேல் படிந்திருந்த நூல், இழுக்க இழுக்கத் தானாகவே வடக்கே நழுவி, விறைத்து நிற்கும். அது நிற்கும் இடமே பெருவட்டம்.

இந்தத் தூரத்தை நாமே கணக்கிட முடியுமா?

முடியும், சைன், கொசைன் உள்ள ஒரு கால்குலேட்டர் போதும். இரு ஊர்களின் அட்சரேகைகளுக்கான சைன்களைப் பெருக்கி ஓர் எண்ணாக வைத்துக்கொள்ள வேண்டும். அதே அட்சரேகைகளின் கொசைன்கள் இரண்டையும், தீர்க்கரேகை வேறுபாட்டின் கொசைனையும் சேர்த்துப் பெருக்கினால் இரண்டாவது எண் கிடைக்கும். இரண்டையும் கூட்டி, வரும் தொகைக்குத் தலைகீழ்க் கொசைன் கண்டால் ஒரு கோணம் வரும். அந்தக் கோணத்தின் ஒவ்வொரு பாகைக்கும் 111.19 கி.மீ. என்று பெருக்கினால் தூரம் கிடைத்துவிடும். மாட்ரிட்டுக்கு 40.42 வடக்கு, 3.70 மேற்கு என்றும், நியூயார்க்குக்கு 40.71 வடக்கு, 74.01 மேற்கு என்றும் எடுத்தால், தொகை 0.617 அளவிலும், கோணம் 51.9 பாகை அளவிலும் வந்து, மேலே சொன்ன 5,770 கி.மீ.யில் முடியும்.

இந்தக் கணக்கில் தவறு நேர்வது பெரும்பாலும் குறியீட்டில்தான். தெற்கு அட்சரேகைக்கும் மேற்குத் தீர்க்கரேகைக்கும் கழித்தல் குறி போட மறந்தால், விடை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தள்ளிப் போகும். விடை 20,000 கி.மீ.யைத் தெளிவாகத் தாண்டிவிட்டால், எங்கோ பிழை இருக்கிறது என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. என்பதால், எந்த இரு ஊர்களும் அதில் பாதிக்கு மேல் விலகி இருக்க முடியாது. மிக அருகிலுள்ள ஊர்களுக்கு இந்த முறையைவிட ஹேவர்சைன் என்னும் சூத்திரம் நம்பகமானது.

தூரத்தை வேகத்தால் வகுத்தால் பயண நேரம் வந்துவிடாதா?

ஏறக்குறைய வரும், ஆனால் பொதுவாகக் குறைவாகவே வரும். பெரிய ஜெட் விமானங்கள் உச்ச உயரத்தில் மணிக்கு 830 முதல் 900 கி.மீ. வரையிலான வேகத்தில் பறக்கின்றன. அந்த உயரத்தை எட்டவே இருபது, இருபத்தைந்து நிமிடங்கள் ஆகும். இறங்குவதற்கும் அப்படியே. ஆயிரம் அடி இறங்க மூன்று கடல் மைல் வேண்டும் என்பது விமானிகளின் கைக்கணக்கு. 36,000 அடியில் பறக்கும் விமானம் 108 கடல் மைலுக்கு, அதாவது 200 கி.மீ.க்கு முன்பே இறங்கத் தொடங்கிவிடுகிறது. எஞ்சின் ஓசை திடீரென்று அடங்கி, காது அடைப்பதுபோல் தோன்றும் அந்தக் கணத்தில் சேரவேண்டிய ஊர் கண்ணுக்கு எட்டாத தொலைவில்தான் இருக்கும். இதோடு, 10,000 அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது என்ற வேகக் கட்டுப்பாடும் பொதுவாக உண்டு.

ஆகவே, தூரத்தை 850ஆல் வகுத்து, வரும் விடையோடு அரைமணி முதல் நாற்பது நிமிடம் வரை கூட்டிக்கொள்வது நல்லது. சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் வரையிலான ஏறத்தாழ 15,300 கி.மீ.க்கு இப்படிக் கணக்கிட்டால் பதினெட்டரை மணிக்குச் சற்று மேலே வரும். நடைமுறையும் அதை ஒட்டியே இருக்கிறது. குறுகிய தூரங்களில் இந்தக் கூட்டல் இல்லாமல் கணக்கிடுபவர் ஏமாந்துபோவார். 480 கி.மீ. பறக்க அரைமணி போதும் என்று வகுத்தல் சொல்லும். விமானமோ ஒரு மணி நேரத்துக்கு மேல் எடுத்துக்கொள்ளும்.

டிக்கெட்டில் எட்டு மணி நேரம் என்று இருக்கிறது. விமானி ஏழு மணி பத்து நிமிடம் என்று அறிவிக்கிறார். எது சரி?

இரண்டும் சரி, இரண்டும் வெவ்வேறு நேரங்கள். விமானி சொல்வது சக்கரம் ஓடுபாதையை விட்டு எழுவதிலிருந்து மறுபடி ஓடுபாதையைத் தொடும் வரையிலான பறப்பு நேரம். டிக்கெட்டில் இருப்பதோ விமானம் தன் இடத்திலிருந்து நகரத் தொடங்குவதிலிருந்து, சேருமிடத்தில் தனக்கு ஒதுக்கிய இடத்தில் வந்து நிற்பது வரையிலான நேரம். இடையில் தரையில் ஊர்ந்து போவது, ஓடுபாதைக்கு முன் வரிசையில் காத்திருப்பது, இறங்கிய பின் கேட் காலியாவதற்காக நிற்பது எல்லாம் இதில் அடங்கும். நெரிசல் மிகுந்த நிலையங்களில் இது மட்டுமே அரைமணியைத் தாண்டும்.

இதற்கு மேல் விமான நிறுவனங்கள் சற்றுக் கூடுதல் நேரத்தையும் அட்டவணையில் சேர்த்துவிடுகின்றன. குறித்த நேரத்திலிருந்து 15 நிமிடத்துக்குள் வந்து சேரும் விமானத்தை ‘நேரத்துக்கு வந்தது’ என்று கணக்கில் எடுப்பது பரவலான வழக்கம். அட்டவணையைத் தாராளமாக வைத்தால் தாமதமான விமானமும் சரியான நேரத்தில் வந்ததாகவே ஆகிவிடும். அரைமணி தாமதமாகக் கிளம்பியும் சொன்ன நேரத்துக்கே இறங்கும் விமானத்தைப் பார்த்து வியப்பவர்கள் இதை நினைவில் வைக்கலாம். இதை ஏமாற்று என்று நான் சொல்ல மாட்டேன். அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவருக்கு அந்தக் கூடுதல் நேரம் உதவியே. ஆனால் அட்டவணை நேரத்தை வைத்து விமானத்தின் வேகத்தைக் கணக்கிட முயல்வது வீண்.

போகும்போது ஒரு நேரம், திரும்பும்போது ஒரு நேரம் ஆவது ஏன்?

காற்றுதான் காரணம். நிலநடுக்கோட்டுப் பக்கத்து வெப்பக் காற்றும் துருவப் பக்கத்துக் குளிர்காற்றும் சந்திக்கும் பகுதிகளில், தரையிலிருந்து ஏறத்தாழ 9 முதல் 12 கி.மீ. உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்காக ஜெட் காற்றோட்டம் என்னும் பெருங்காற்று ஓடுகிறது. மணிக்கு 150, 200 கி.மீ. வேகம் அதற்குச் சாதாரணம். சில வேளைகளில் 400ஐயும் தாண்டும். விமானங்கள் பறக்கும் உயரமும் அதுவே. கிழக்கே போகும் விமானத்தை அது பின்னாலிருந்து தள்ளுகிறது. மேற்கே போகும் விமானத்தை எதிர்த்து நிற்கிறது. ஜப்பானிய வானிலையாளர் வசபுரோ ஓயிஷி 1920களிலேயே பலூன்களைப் பறக்கவிட்டு இந்தக் காற்றை அளந்தார். உலகம் முழுவதும் படிக்கட்டும் என்று தம் அறிக்கையை எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். அதனாலேயே அதை அதிகம் பேர் படிக்காமல் போனார்கள்.

நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு ஏழு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் விமானம், திரும்பி வர எட்டு மணி நேரம் வரை எடுத்துக்கொள்வது வழக்கம். 2020 பிப்ரவரியில் சியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று அதே தூரத்தை 4 மணி 56 நிமிடத்தில் கடந்தது. தரையை ஒப்பிட்டால் அதன் வேகம் மணிக்கு 1,300 கி.மீ.யைத் தாண்டியிருந்தது. ஆனாலும் அது ஒலியின் வேகத்தைத் தாண்டவில்லை. தன்னைச் சுற்றியுள்ள காற்றை ஒப்பிட்டு அது வழக்கமான வேகத்தில்தான் பறந்தது. அந்தக் காற்றே ஓடிக்கொண்டிருந்தது. ஆற்றோடு போகும் படகில் துடுப்புப் போடுபவர் கரையிலிருப்பவர் கண்ணுக்கு வேகமாகத் தெரிவது போலத்தான் இதுவும்.

குளிர்காலத்தில் வெப்ப வேறுபாடு அதிகம் என்பதால் இந்தக் காற்றும் வலுக்கிறது. போக்குக்கும் வரவுக்கும் இடையிலான இடைவெளியும் கூடுகிறது. வடக்குத் தெற்காகப் பறக்கும் வழிகளில் வேறுபாடு பெரிதாக இராது.

அப்படியானால் போகவும் வரவும் சேர்த்துப் பார்த்தால் சமமாகிவிடுமா?

இல்லை. காற்று வீசினால் மொத்தத்தில் எப்போதும் நட்டமே. 3,000 கி.மீ. தூரத்தை 850 கி.மீ. வேகத்தில் காற்றில்லாமல் போய்வர ஏறத்தாழ 7 மணி 4 நிமிடம் ஆகும். மணிக்கு 100 கி.மீ. காற்று ஒரு திசையில் வீசினால், காற்றோடு போக 3 மணி 9 நிமிடமும், எதிர்த்து வர 4 மணி நேரமும் ஆகி, மொத்தம் 7 மணி 9 நிமிடம் வரும். எதிர்க்காற்றில் அதிக நேரம் இருக்க நேர்கிறது. சாதகக் காற்றில் குறைந்த நேரமே இருக்கிறோம். அந்த ஐந்து நிமிடம் அங்கேதான் போகிறது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால், மேற்கே போகும் விமானம் விரைவில் சேர வேண்டாமா?

காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது. தரையில் நிற்கும் விமானமும் ஏற்கெனவே அந்தச் சுழற்சியில்தான் இருக்கிறது. ஆகவே நேரடியான ஆதாயம் எதுவும் இல்லை. ஜெட் காற்றோட்டம் மேற்கிலிருந்து கிழக்காகத் திரும்புவதில் பூமியின் சுழற்சிக்குப் பங்கு உண்டு. அந்த வகையில் சுழற்சி மேற்கே போகிறவருக்கு இடைஞ்சலாகவே அமைகிறது.

விமானங்களை இன்னும் வேகமாக ஓட்டினால் என்ன?

ஒலியின் வேகத்தை நெருங்க நெருங்கக் காற்றின் எதிர்ப்பு செங்குத்தாக ஏறுகிறது. எரிபொருளும் அதற்கேற்பக் கரைகிறது. உச்ச உயரத்தின் கடுங்குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ.; இன்றைய பெரிய விமானங்கள் அதில் 85 விழுக்காட்டில், அதாவது 900 கி.மீ. அளவில் நின்றுகொள்கின்றன. கான்கார்டு என்னும் பயணிகள் விமானம் அந்த எல்லையைத் தாண்டியது. 1996 பிப்ரவரி 7 அன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 2 மணி 52 நிமிடம் 59 நொடியில் வந்து சேர்ந்தது. 2003இல் அந்த விமானம் ஓய்வுபெற்ற பிறகு, பயணிகளுக்கு அந்த வேகம் கிடைக்கவில்லை.

விமானம் உண்மையிலேயே மிகக் குறுகிய வழியில்தான் பறக்கிறதா?

அரிதாகவே. குறுகிய வழியைவிட விரைவான வழியும் சிக்கனமான வழியும் முக்கியம். காற்று சாதகமாக இருந்தால் சில நூறு கிலோமீட்டர் சுற்றிப் போவதே லாபம். வட அட்லாண்டிக் கடலுக்கு மேல் அன்றைய காற்றைப் பார்த்து நாள்தோறும் புதிதாகப் பாதைகள் வகுக்கப்படுகின்றன.

காற்றைத் தவிர வேறு தடைகளும் உண்டு. இரட்டை எஞ்சின் விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றுபோனால், மற்றொன்றைக் கொண்டு குறித்த நேரத்துக்குள் ஏதாவதொரு விமான நிலையத்தை எட்டியாக வேண்டும். இந்த வரம்பு முன்பு 60 நிமிடமாக இருந்தது. 1985இல் 120 ஆயிற்று. இன்று பல விமானங்களுக்கு 180க்கும் மேல் அனுமதி உண்டு. வரம்பு விரிய விரியக் கடல்வழிகள் நேராகிவந்தன. திபெத்தியப் பீடபூமிக்கு மேலான பாதைகளுக்கு வேறொரு சிக்கல். விமானத்துக்குள் காற்றழுத்தம் குறைந்துவிட்டால் உடனே 10,000 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 3 கி.மீ. உயரத்துக்கு இறங்க வேண்டும். அங்கே தரையே சராசரியாக நாலரை கி.மீ. உயரத்தில் இருக்கிறது.

இவற்றையெல்லாம்விடப் பயண நேரத்தை ஒரே நாளில் புரட்டிப்போடக் கூடியது வான்வெளித் தடை. பின்லாந்தின் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்குப் பெருவட்ட தூரம் 7,800 கி.மீ. அளவுதான், ரஷ்ய வான்வெளி வழியே ஒன்பது மணி நேரம் கடந்து சற்று நேரத்தில் போய்ச் சேர முடிந்தது. 2022 பிப்ரவரிக்குப் பின் அந்த வான்வெளி ஐரோப்பிய ஒன்றிய நாடுகளின் விமானங்களுக்கு மூடப்பட்டதால், பின்லாந்து விமானங்கள் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ போக நேர்ந்து, பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமாயிற்று. இரு நகரங்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. பழைய பயண நேரங்களை அப்படியே எடுத்துச் சொல்லும் பக்கங்களை நம்பத் தயங்குவது இதனால்தான்.

டிக்கெட்டில் உள்ள புறப்பாட்டு நேரத்தையும் வருகை நேரத்தையும் கழித்தால் பயண நேரம் தெரிந்துவிடுமா?

இரு ஊர்களும் ஒரே நேர வலயத்தில் இருந்தால் மட்டும். டிக்கெட்டில் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊரின் கடிகாரப்படியே அச்சிடப்படும். நியூயார்க்கில் மாலை 7 மணிக்குக் கிளம்பி லண்டனில் காலை 7 மணிக்கு இறங்கினால், பார்வைக்குப் பன்னிரண்டு மணி நேரம். லண்டன் ஐந்து மணி நேரம் முன்னால் இருப்பதால் உண்மையில் ஏழு. லண்டனில் காலை 11 மணிக்கு ஏறி நியூயார்க்கில் பிற்பகல் 2 மணிக்கு இறங்கினால், பார்வைக்கு மூன்று மணி நேரம், உண்மையில் எட்டு.

தேதிக் கோட்டைக் கடந்தால் விந்தை கூடும். டோக்கியோவில் திங்கட்கிழமை மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம், பத்து மணி நேரம் பறந்து, அதே திங்கட்கிழமை காலை 10 மணிக்கு லாஸ் ஏஞ்சலிஸில் இறங்கும். ஏறுவதற்கு முன்பே இறங்கிவிட்டது போலிருக்கும். குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் 17 மணி நேர வேறுபாடு என்பதை நினைத்தால் புதிர் அவிழும். இரு நேரங்களையும் உலகப் பொது நேரத்துக்கு மாற்றிக்கொண்டு கழிப்பதே பிழையற்ற வழி.

கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் நாடுகளில் இன்னும் கவனம் தேவை. அமெரிக்கா மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று மாற்றுகிறது. பிரிட்டன் அம்மாதக் கடைசி ஞாயிறு வரை பொறுக்கிறது. இடைப்பட்ட நாட்களில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் வேறுபாடு ஐந்தல்ல, நான்கு மணி நேரமே. இந்தியாவின் ஐந்தரை மணி, நேபாளத்தின் ஐந்தே முக்கால் மணி போன்ற வலயங்களும் உள்ளன. முழு மணியாகவே கழிப்பவர்கள் இங்கே தடுக்கி விழுவார்கள்.

‘டைரக்ட்’ விமானம் என்றால் எங்கும் நிற்காது என்று பொருளா?

அல்ல. எங்கும் நிற்காதது ‘நான் ஸ்டாப்’. ‘டைரக்ட்’ என்பது ஒரே விமான எண்ணில் செல்வதை மட்டுமே குறிக்கும். வழியில் ஓரிடத்தில் இறங்கி ஏறலாம். ஒவ்வொரு இறக்கமும் ஏற்றமும் பயண நேரத்தைக் கணிசமாகக் கூட்டிவிடும்.

குறுகிய தூரத்துக்கு விமானம்தான் விரைவா?

கதவிலிருந்து கதவு வரை அளந்தால் பல வேளைகளில் இல்லை. மாட்ரிட்டுக்கும் பார்சிலோனாவுக்கும் இடையில் விமானம் அட்டவணைப்படி ஒன்றேகால் மணி நேரமே எடுக்கும். 2008இல் திறக்கப்பட்ட ஏறத்தாழ 620 கி.மீ. அதிவேக ரயில் பாதையில் இரண்டரை மணி நேரம் ஆகும். ஆனால் ரயில் நகரத்துக்குள்ளேயே கிளம்பி நகரத்துக்குள்ளேயே நிற்கிறது. விமானத்துக்கு முன்கூட்டியே போய்ச் சேரும் நேரம், பாதுகாப்புச் சோதனை, பெட்டிக்காகக் காத்திருப்பு, இரு முனைகளிலும் சாலைப் பயணம் ஆகியவற்றைக் கூட்டினால் ரயிலே முந்தும். மூன்று மணி நேரத்துக்குள் அடங்கும் ரயில் இருந்தால், பறப்பு நேரத்தை மட்டும் பார்த்து விமானத்தைத் தேர்வது தவறான கணக்கு.

தாமதமாகக் கிளம்பிய விமானம் வானில் வேகமெடுத்து ஈடுகட்ட முடியுமா?

ஓரளவுக்கு மட்டுமே. வேகத்தை இரண்டு, மூன்று விழுக்காடு கூட்டலாம். ஏழு மணி நேரப் பயணத்தில் அதனால் கிடைப்பது பத்துப் பதினைந்து நிமிடம்.

இருக்கைத் திரையில் ‘மீதி நேரம்’ சில வேளைகளில் கூடுவது ஏன்?

திரை, அந்தக் கணத்தின் வேகத்தையும் வகுத்துவைத்த பாதையையும் கொண்டு கணக்கிடுகிறது. இரண்டில் ஒன்று மாறினாலும் எண் மாறும். இன்னும் 22 நிமிடம் என்று காட்டிக்கொண்டிருந்த திரை, விமானம் இறக்கையைச் சாய்த்துத் திரும்பியதும் 26 என்று காட்டினால், காத்திருக்கும் வட்டத்தில் நுழைந்துவிட்டது என்று பெரும்பாலும் ஊகிக்கலாம். பந்தயத் தடம் போன்ற நீள்வட்டத்தில் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ நான்கு நிமிடம். மறுபடி அதே பக்கம் சாய்ந்தால் இன்னொரு நான்கு நிமிடம். கீழே ஓடுபாதையில் முன்னால் இறங்கியவர் விலகும் வரை அந்தச் சுற்று தொடரும்.